மூன்றாண்டு வாழ்ந்த படை

போர் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் வென்ற படைகளையே விரித்துரைப்பர். களம் காணாமலே கலைந்த படைகளுக்கு ஓரிரு வரிகளே கிட்டும். ஆயினும், ஓர் அரசு தன் ஆட்சிக்குட்பட்ட மக்களை எக்கண்கொண்டு நோக்கியது என்பதை அறிய அத்தகைய படைகளே நமக்குச் சான்றாகின்றன. 1917 முதல் 1920 வரை இருந்த இந்தியத் தற்காப்புப் படை அவற்றுள் ஒன்று.

முதல் உலகப் போர் மூன்றாம் ஆண்டாக நீடித்த நிலையில், இந்தியக் கோட்டைகளையும் பாசறைகளையும் காத்துநின்ற முறையான படையினரைப் போர்முனைக்கு விடுவிக்க அரசு விழைந்தது. எனவே, அதுவரை இயங்கிய தொண்டர் படைக்கு மாற்றாக, 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இப்படை தோன்றியது. மதகுருமார் நீங்கலாக, 16 முதல் 50 வயது வரையிலான ஐரோப்பிய பிரிட்டிஷ் குடிகள் இதில் சேர்வது கட்டாயமாயிற்று. பதினெட்டு வயது நிரம்பாதோர்க்குப் பயிற்சி மட்டுமே. நாற்பதைக் கடந்தோர்க்கு உள்ளூர்ப் பணி. இடைப்பட்டோர் இந்தியாவின் எப்பகுதிக்கும் செல்லக் கடமைப்பட்டனர். இந்தியர்க்கோ, விரும்பினால் சேரலாம் என்ற அனுமதி மட்டுமே தரப்பட்டது.

இவ்வனுமதியும் எளிதில் வந்ததன்று. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்க இந்தியரைத் தடுத்தது, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. தொண்டர் படையின் வாயிலும் பொதுவாக இந்தியர்க்கு அடைபட்டே இருந்தது. 1887 டிசம்பரில் பத்ருத்தீன் தையப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ், இந்தியரும் தொண்டர் படையில் சேர வழிசெய்ய வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. முப்பதாண்டுகள் கழித்து, போரின் நெருக்கடியே அவ்வாயிலைச் சற்றுத் திறந்தது.

அவ்வழியே நுழைந்தவர்களுள் கல்கத்தா மாணவர் சுபாஷ் சந்திர போஸ் ஒருவர். கண்பார்வைக் குறையால் 49ஆம் வங்காளப் படைப்பிரிவு அவரை ஏற்கவில்லை. தற்காப்புப் படையின் பல்கலைக்கழகப் பிரிவு ஏற்றது. துப்பாக்கி பெறுவதற்காக வில்லியம் கோட்டைக்குள் அணிவகுத்துச் சென்றபோது, தமக்கு உரியதாயிருந்தும் அநீதியாகப் பறிக்கப்பட்ட ஒன்றைத் திரும்பப் பெறுவதுபோன்ற நிறைவு தோன்றியதாகத் தம் தன்வரலாற்றில் அவர் குறிப்பிடுகிறார். அரசு எண்ணியது காவற்பணி. மாணவர் உணர்ந்தது உரிமை. இவ்விரண்டுக்கும் இடையிலிருந்த தொலைவே இப்படையின் உண்மை வரலாறு என நாம் கருதுகிறோம்.

போர் ஓய்ந்தபின் 1920இல் இப்படை முடிவுற்றது. அதனிடத்தில் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் துணைப்படையும், இந்தியர்க்குப் பிரதேசப்படையும் எனத் தனித்தனி அமைப்புகள் எழுந்தன. ஒரே பெயரின்கீழ் மறைந்திருந்த பிரிவினை, இரு பெயர்களில் வெளிப்பட்டது. பல்கலைக்கழகப் பிரிவுகளின் மரபு மட்டும் பயிற்சிப் படைகளாகத் தொடர்ந்து, 1948இல் தேசிய மாணவர் படையில் வந்து சேர்ந்தது.

1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையைப் போஸ் ஏற்றபோது, மலாயாத் தமிழர் பலர் அதில் திரண்டனர். அவர் முதன்முதலில் இராணுவப் பயிற்சி பெற்றதோ, அதே பேரரசைக் காக்க அமைந்த படையில். மக்களிடம் கடமையை வேண்டி, நம்பிக்கையை மட்டும் மறுக்கும் எந்த ஆட்சிக்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு.