சிறுநீரகப் புற்றுநோயின் நிலைகள்

பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகச் செல் புற்றுநோய், கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் கொண்டு நான்கு நிலைகளாகப் பகுக்கப்படுகிறது. குழந்தைகளைத் தாக்கும் வில்ம்ஸ் கட்டிக்குப் பகுப்பு வேறு.

1883இல் ஜெர்மானிய நோயியலாளர் பவுல் கிராவிட்ஸ், இக்கட்டிகள் சிறுநீரகத்தில் சிக்கிய அட்ரீனல் திசுவிலிருந்து முளைப்பதாகக் கருதினார். அது தவறென்று தெளிந்த பின்னும் ‘கிராவிட்ஸ் கட்டி’ என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. பரவலை அளந்து நிலை பிரிக்கும் முறை 1958இல் பிளாக்ஸ், கடெஸ்கி ஆகியோரிடம் தொடங்கியது. கனடாவின் டொரொண்டோவில் சார்ல்ஸ் ராப்சன் 1969இல் அதைத் திருத்தினார். சிறுநீரகத்தையும் சுற்றியுள்ள கொழுப்பையும் அவற்றைப் போர்த்திய கெரோட்டா உறையோடு ஒருசேர அகற்றும் அறுவையில் பெயர் பெற்றவர் அவர். அதனால் அவருடைய முதலிரு நிலைகளும் அந்த உறைக்குள்ளேயே அடங்கின. குறை மூன்றாம் நிலையில் இருந்தது. சிரைக்குள் புகுந்த கட்டியும் நிணநீர்க்கணுக்களை எட்டிய நோயும் அதில் ஒன்றாக வைக்கப்பட்டன. சிரைக்குள் விரல்போல் நீண்டு, சிலருக்கு இதயத்தின் வலது மேலறைவரை ஏறும் கட்டியைக்கூட அறுவையால் எடுத்துவிட முடிவதுண்டு. கணுக்களில் பரவிய நோய் அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை.

பிரான்சின் பியர் டெனுவா 1940களில் உருவாக்கத் தொடங்கிய டிஎன்எம் முறை இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. கட்டி, நிணநீர்க்கணு, தொலைபரவல் மூன்றையும் அது தனித்தனியே குறிக்கிறது. ஆனால் அளவின் எல்லை நிலைத்து நிற்கவில்லை. 1987 பதிப்பில் முதல் நிலைக்கு உச்சவரம்பு 2.5 செ.மீ.; 1997இல் அது 7 செ.மீ. ஆனது. 2002இல் 4 செ.மீ.யில் ஓர் உட்கோடு விழுந்தது. அல்ட்ராசவுண்டும் சிடி ஸ்கேனும் வேறு காரணத்துக்காக எடுக்கப்படும்போது சிறு கட்டிகள் தற்செயலாகத் தென்பட்டதும், கட்டியை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தைக் காக்கும் அறுவை வளர்ந்ததும் இதன் பின்னணி.

இன்றைய வழக்கில், சிறுநீரகத்துக்குள் அடங்கிய கட்டி 7 செ.மீ. வரை முதல் நிலை. அதற்கு மேல் இரண்டாம் நிலை. சிரையிலோ சுற்றுக்கொழுப்பிலோ அருகிலுள்ள கணுக்களிலோ பரவினால் மூன்றாம் நிலை, 3 செ.மீ. கட்டியே ஆனாலும் சிரைக்குள் நுழைந்துவிட்டால் இதில்தான் சேரும். கெரோட்டா உறையைத் தாண்டினாலோ, நுரையீரல், எலும்பு போன்ற தொலைவிடங்களை எட்டினாலோ நான்காம் நிலை.

சிறுநீரகத்துக்குள் அடங்கிய 5 செ.மீ. கட்டி 1987 பதிப்பின்படி இரண்டாம் நிலை, இன்று முதல் நிலை. ஆகவே பழைய ஆய்வுகளின் நிலைவாரிக் கணக்குகளைப் படிப்பவர், அவை எந்தப் பதிப்பைப் பின்பற்றின என்பதை முதலில் பார்க்க வேண்டும்.