ஓரிடமும் பல வகையும்: சி மொழியில் ஒன்றியத்தின் வரலாறு

கணினியின் நினைவகம் எண் இன்னது, எழுத்து இன்னது என வேறுபாடு அறியாது. அதன்கண் உள்ளவை 0, 1 என்னும் இரு குறிகளின் வரிசைகளே. ஒரு வரிசையை முழுவெண்ணாகக் கொள்வதா, பின்ன எண்ணாகக் கொள்வதா என்பதைத் துணிவது செய்நிரலே. அத்துணிவுக்கு யார் பொறுப்பு என்ற வினாவின் வரலாறே சி மொழியின் யூனியன் எனப்படும் ஒன்றியத்தின் வரலாறாகும்.

நினைவகம் அருமையும் விலையும் மிக்கதாயிருந்த காலத்தில், 1957இல் வெளிவந்த போட்ரான் மொழியின் ஈக்குவலன்ஸ் என்னுங் கூற்று, இரு மாறிகள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. சிக்கனமே அதன் நோக்கம். பின்னர் எழுந்த அல்கோல் 68 வேறு நெறியை வகுத்தது. அம்மொழியின் ஒன்றியம், தன்னுள் இட்ட பெறுமானத்தோடு அதன் வகையையும் காத்து வைத்தது. வகையை வினவி அறிந்த பின்னரே உள்ளதை எடுத்தாளல் இயலும்.

சி மொழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1972ஆம் ஆண்டளவில் டெனிஸ் றிச்சி உருவாக்கினார். அதற்கு முன்னோடிகளான பிசிபிஎல், பி ஆகிய மொழிகள் வகை வேறுபாடு அற்றவை. பிடிபி-11 என்னும் பொறியிலோ ஒவ்வொரு பைற்றும் தனி முகவரி பெற்றமையால், வகைகள் வேண்டியனவாயின. 1973இன் பின்னர் ஒன்றியமும் மொழியிற் சேர்ந்தது. அல்கோல் 68இன் செல்வாக்கு இதில் உண்டென்பதை றிச்சியே பதிவு செய்துள்ளார். ஆயினும் வகையைக் காக்கும் குறி மட்டும் உடன் வரவில்லை.

சி ஒன்றியத்தின் உறுப்புகள் யாவும் ஒரே இடத்தில் தொடங்குவன. மிகப் பெரிய உறுப்புக்குப் போதிய இடமே ஒதுக்கப்படும். ஓர் உறுப்பிற்குப் பெறுமானம் இடின், முன்னர் இருந்தது அழிந்துபடும். இக்காலக் கணினிகளிற் பெரும்பாலனவற்றில், மிதவைப் புள்ளி உறுப்பில் 1.0 ஐ இட்டு, அதனையே முழுவெண் உறுப்பின் வழி வாசித்தால் 1065353216 என்னும் எண் கிடைக்கும். பிழை என எவரும் எச்சரியார். ஆதலின், 1978இல் பிறையன் கேணிகனும் றிச்சியும் வெளியிட்ட நூல், இறுதியாக இட்டது எவ்வகை என்பதைத் தனி மாறியொன்றிற் குறித்துவைக்கும் வழக்கத்தைக் காட்டிற்று. மொழி விட்டதை மனிதர் தம் ஒழுங்கினால் நிரப்பினர்.

பின்வந்த நியமங்கள் இடும் முறையையே விரிவாக்கின. 1989இன் நியமம் முதல் உறுப்பிற்கு மட்டும் தொடக்கப் பெறுமானம் இட இசைந்தது; 1999இன் நியமம் பெயர் சுட்டி எவ்வுறுப்பிற்கும் இட இசைந்தது. வகையை நினைவிற் கொள்ளும் கடமையோ மாறவில்லை.

2017இல் இதே அமைப்பைத் தன்னுட் சேர்த்த ரஸ்ட் மொழி, எளிய வகை உறுப்பிற் பெறுமானம் இடுதலைத் தடையின்றி விட்டது. வாசித்தலையோ ‘பாதுகாப்பற்றது’ என வெளிப்படையாக அறிவித்த பகுதிக்குள் மட்டுமே அனுமதித்தது. இடுதலில் தீங்கில்லை, இட்டதை மறந்து எடுத்தலிலேயே தீங்குண்டு. ஏறத்தாழ நாற்பதாண்டுப் பட்டறிவு உணர்த்திய உண்மை இதுவே.