நீராற்றல் எக்கியின் தோற்றமும் உழவுப் பயன்பாடும்

தாழ்வில் ஓடும் நீரை மேட்டு நிலத்திற்கு ஏற்றுதல் உழவரின் பழஞ்சிக்கலாகும். ஆளோ எருதோ எரிபொருளோ இன்றி, ஓடும் நீரின் விசையாலேயே அந்நீரின் ஒரு பகுதியை உயர்த்துவது ‘ஹைட்ராலிக் ராம்’ எனப்படும் எக்கி. அதன் தோற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

1772இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஜான் வைட்ஹர்ஸ்ட் இதன் முன்வடிவை அமைத்தார். குழாயில் விரையும் நீரைத் திடீரெனத் தடுத்தால் அழுத்தம் எழும். அவ்வழுத்தத்தால் ஒரு பங்கு நீர் மேலேறும். ஆயின், ஒவ்வொரு முறையும் குழாயை ஒருவர் கையால் திறந்து மூட வேண்டியிருந்தது. 1796இல் பிரான்சு நாட்டு ஜோசப் மாங்கோல்பியே, தம் காகித ஆலைக்கு நீரேற்றத் தானியங்கும் அடைப்பானைப் பொருத்தினார். நீரோட்டமே அடைப்பானை மூடியது. அழுத்தம் தணிந்ததும் அது தானே திறந்தது.

எனவே, இதனைக் கண்டுபிடித்தவர் யார் என்னும் வினாவிற்கு ஒருவர் பெயரை மட்டும் விடையாகக் கூறுதல் பொருந்தாது. நீரின் தாக்குவிசையைப் பயன்கொண்டவர் முன்னவர். மனிதக் கையை விடுவித்தவர் பின்னவர்.

இவ்வெக்கி பாயும் நீரில் சிறு பங்கையே உயர்த்தும், பெரும்பங்கு வெளியேறிவிடும். இதனைக் குறையாகக் கருதலாம். ஆயின், பள்ளத்தில் ஓடை பாய, மேலுள்ள படிவயல்கள் மழையை நோக்கியிருக்கும் இமயமலைச் சரிவுகளில், இரவும் பகலும் ஏறும் அச்சிறு பங்கும் பயிரைக் காக்க வல்லது. ஆகவே, ஒரு கருவியின் பயனை அது ஏற்றும் நீரால் மட்டுமன்றி, அது நீக்கும் உழைப்பாலும் அளத்தல் வேண்டும்.