தோக்கியோவில் ஒரு மாற்றுத் தீர்ப்பு

வென்றவன் தோற்றவனைத் தண்டிப்பது தொன்றுதொட்டு நடந்துவரும் செயல். வாளை உறையிலிட்டு, நீதிபதிகளை அமர்த்தி, எதிரிக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இடந்தந்து வழக்கு நடத்துவதோ இருபதாம் நூற்றாண்டு கண்ட புதுமை. நூரம்பர்க் நகரில் நாஜித் தலைவர்கள் மீது நடந்த வழக்கைப் பலரும் அறிவர். அதன் உடன்பிறப்பான தோக்கியோ வழக்கை நம்மில் அறிந்தோர் குறைவே.

1946 மே 3ஆம் நாள், தோக்கியோவின் இச்சிகாயாப் பகுதியில், ஜப்பானியப் படைத்துறைக்கு உரியதாயிருந்த கட்டடத்திலேயே அந்நீதிமன்றம் கூடிற்று. முன்னாள் பிரதமர் தோஜோ உள்ளிட்ட 28 பேர் மீது குற்றச்சாட்டு. முதல் நாளே ஒரு விந்தை! குற்றம் சாட்டப்பட்டோருள் ஒருவரான ஒகாவா ஷூமெய் என்னும் அறிஞர், முன்னே அமர்ந்திருந்த தோஜோவின் வழுக்கைத் தலையில் அறைந்துவிட்டார். மனநலம் குன்றியவர் என்று அவர் வழக்கிலிருந்து விலக்கப்பட்டார். மருத்துவமனையில் இருந்த காலத்தில் அவர் மேற்கொண்ட பணி எது தெரியுமா? திருக்குர்ஆனை ஜப்பானிய மொழியில் பெயர்த்தது! 1950இல் அது நூலாக வெளிவந்தது.

நீதிபதிகள் பதினொருவர். அனைவரும் ஜப்பானை எதிர்த்த தரப்பின் நாட்டினர். ஆசியர் மூவரே. அம்மூவருள் பிலிப்பைன்ஸ் நாட்டவரான ஹரானில்யா, ஜப்பானியரிடம் சிறைப்பட்டுப் பத்தான் மரண நடையில் துன்புற்றவர். தாம் சம்பந்தப்பட்ட வழக்கில் தாமே தீர்ப்புக் கூறலாகாது என்பது காஜிமாருக்கும் உரிய பழைய விதியன்றோ?

இந்தியாவின் சார்பில் சென்றவர் இராதா பினோத் பால். இன்றைய வங்கதேசத்தில் அடங்கிய ஒரு சிற்றூரில் 1886இல் பிறந்து, கணிதம் கற்பித்து, பின்னர்ச் சட்டம் பயின்று, கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கியவர். 1948 நவம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு வெளியாயிற்று. இடையில் இருவர் இறந்துபோக, எஞ்சிய 25 பேரும் குற்றவாளிகள், எழுவருக்குத் தூக்கு. பாலோ, ஆயிரம் பக்கங்களைக் கடந்த தம் மாற்றுத் தீர்ப்பில் அனைவரையும் விடுவித்தார்! நீதிமன்றத்தில் அது படிக்கப்படவேயில்லை.

அவர் வாதம் இதுதான்: போர் தொடுப்பது தனிமனிதர் மீது சுமத்தத்தக்க குற்றம் என்று அக்காலச் சட்டம் கூறவில்லை. செயல் நடந்த பின்னர்ச் சட்டம் இயற்றித் தண்டிப்பது நீதியன்று. ஆசிய நாடுகளைப் படைகொண்டு பிடித்து ஆண்டவர்கள், அதே செயலுக்காகப் பிறரைத் தூக்கிலிடுவது எங்ஙனம்? இரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீச ஆணையிட்டவர் எந்தக் கூண்டில் நின்றார்?

இங்கே ஒன்றை மறத்தலாகாது. நான்கிங்கில் ஜப்பானியப் படை செய்த கொடுமைகளைப் பால் மறுக்கவில்லை. சான்றுகள் மிகுதி என்றே எழுதினார். கூண்டில் நின்ற தலைவர்களே அவற்றுக்குப் பொறுப்பு என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே அவர் முடிபு. இம்முடிபு எனக்கு உடன்பாடன்று. படையை ஏவியவன், படை செய்வதை அறியேன் என்று கைகழுவிவிட முடியுமா? ஆயினும், ஜப்பான் குற்றமே செய்யவில்லை என்று சாதிப்போர் அவருடைய தீர்ப்பைக் கேடயமாக ஏந்துவது அவருக்கு இழைக்கும் அநீதி. 2005இல், தூக்கிலிடப்பட்ட அந்த எழுவரும் போற்றப்படும் யாசுகுனி ஆலயத்தில் பாலுக்கு நினைவுச் சின்னமும் எழுப்பினர்.

பெரும்பான்மைத் தீர்ப்பை வெறும் பழிவாங்கல் என்று நம்மவரால் தள்ளிவிட இயலாது. சயாம்–பர்மா இரயில் பாதைக்காகப் போர்க்கைதிகளுடன் ஏறத்தாழ 1,50,000 ஆசியத் தொழிலாளர் வதைக்கப்பட்டனர் என்றும், அவர்களுள் குறைந்தது 60,000 பேர் மாண்டனர் என்றும் அது பதிவு செய்கிறது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். அந்தப் பதினொரு நீதிபதிகளுள் மலாயாவைச் சேர்ந்தவர் எவருமிலர். ஆயினும் அம்மக்களின் சாவு எண்ணி எழுதப்பட்டது, பால் குறை கண்ட அதே நீதிமன்றத்தின் ஏட்டில்தான்.