நடைப்பிணக் கதைகளின் வரலாறும் இளையோர் இலக்கியமும்

ஒரு சமுதாயம் எதனைப் போற்றுகின்றது என்பதை அதன் சட்டங்களும் சாசனங்களும் கூறும். எதனைக் கண்டு அஞ்சுகின்றது என்பதை அதன் கதைகளே கூறும். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில், இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இளையோர்க்கென வெளிவந்த நாவல்களுள் ஒரு வகை இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். இறந்தோர் எழுந்து நடமாடுகின்றனர், நகரங்கள் பாழாகின்றன, அரசுகள் வீழ்கின்றன, வேலிக்குள் எஞ்சிய சிலர் உயிர் பிழைக்க வழி தேடுகின்றனர். இவையே இந்நாவல்களின் பொதுப் பொருள். இவற்றை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கும் ஆசிரியரும் பெற்றோரும் உளர். ஆயினும், இக்கதைகளின் நடுவே நிற்கும் நடைப்பிணத்தின் வரலாற்றை ஆராயுமிடத்து, அது அடிமை வாழ்வின் துயரத்திலே தோன்றியதென்பதும், காலப்போக்கில் அத்தோற்றம் மறக்கப்பட்டதென்பதும், அண்மைக்கால இளையோர் நாவல்கள் சில அதனை மீண்டும் நினைவூட்டுகின்றன என்பதும் புலனாகும்.

ஆங்கிலத்தில் 'ஸொம்பி' எனப்படும் இவ்வுருவத்துக்கு 'நடைப்பிணம்' என்னுந் தமிழ்ச்சொல் நன்கு பொருந்தும். உணர்வும் நோக்கமுமின்றி வாழ்வாரைத் தமிழர் நடைப்பிணமென்பர். நம்மவர் கேட்டு வளர்ந்த கதைகளில் வரும் வேதாளம் இதனின் வேறானது. வேதாளம் பிணத்துட் புகுந்து பேசும். புதிர் தொடுத்து மன்னனையும் மடக்கும். ஸொம்பிக்கோ உடல் உண்டு, உள்ளம் இல்லை. பிறர் ஏவலுக்கு இயங்குவதேயன்றித் தானாக ஒன்றை விரும்பும் ஆற்றல் அதற்கில்லை. ஸொம்பி என்னுஞ் சொல்லை மத்திய ஆபிரிக்காவின் கொங்கோ மொழிச் சொற்களோடு தொடர்புபடுத்துவர் மொழிநூலார். அச்சொல்லும் நம்பிக்கையும் அத்திலாந்திக்குச் சமுத்திரத்தைக் கடந்தது அடிமைக் கப்பல்களிலேயாம்.

கரிபியன் கடலிலுள்ள ஹிஸ்பனியோலாத் தீவின் மேற்குப் பகுதி 1697ஆம் ஆண்டு பிரான்சுக்கு உரியதாயிற்று. சென் டொமிங் என வழங்கிய அக்குடியேற்றநாடு, கரும்பும் கோப்பியும் விளைந்தமையால் ஐரோப்பாவுக்குப் பெருஞ் செல்வத்தை ஈட்டிக் கொடுத்தது. பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய 1789ஆம் ஆண்டளவில் அங்கு ஏறத்தாழ 5 இலட்சம் ஆபிரிக்கர் அடிமைகளாயிருந்தனர். பிறப்பிலும் பார்க்க இறப்பு மிகுந்தமையால், தோட்டங்களின் ஆட்குறை புதிய அடிமைகளைக் கொணர்ந்தே நிரப்பப்பட்டது. அம்மக்களுக்கு ஒரேயொரு நம்பிக்கை எஞ்சியிருந்தது. இறந்தபின் உயிர் கடல் கடந்து ஆபிரிக்கத் தாயகத்துக்கு மீளும் என்பதே அது. அந்நிலையில், மந்திரவாதி ஒருவன் பிணத்தை எழுப்பித் தனக்குத் தொண்டு செய்விப்பான் என்னுங் கதை எத்தகைய அச்சத்தை விளைத்திருக்கும்! சாவும் விடுதலை தாராது. சவக்குழிக்கு அப்பாலும் கரும்புத் தோட்டமே காத்திருக்கும் என்பதன்றோ அதன் பொருள்? ஆதலின், ஹெயிட்டி மக்கள் ஸொம்பியைக் கண்டு அஞ்சியதிலும் பார்க்கத் தாம் ஸொம்பியாதற்கே பெரிதும் அஞ்சினர். இவ்வேறுபாடு ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. ஸொம்பிக்கு உப்பூட்டினால் அது தன்னிலை உணர்ந்து சவக்குழிக்கு மீளும் என்பதும் அம்மக்களின் வழக்கு.

1791ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். பதின்மூன்று ஆண்டுப் போரின் பின், 1804ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி ஹெயிட்டி சுதந்திர நாடாயிற்று. எனினும் 1915ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படை அந்நாட்டிற் புகுந்து, 1934 வரை அதனை ஆண்டது. அக்காலத்தில் வீதியமைப்புக்காகக் கட்டாய வேலைமுறை புகுத்தப்பட்டது. அடிமைத்தளையை அறுத்த மக்களின் வழிவந்தோர் மீண்டும் பிறர் ஏவலுக்கு மண் சுமந்தனர். ஸொம்பிக் கதை அமெரிக்காவுக்குப் பரவியதும் இவ்வாட்சிக் காலத்திலேயே. வில்லியம் சீபுறூக் என்னும் பயண எழுத்தாளர் 1929ஆம் ஆண்டு வெளியிட்ட 'மாயத்தீவு' என்னும் பொருள்படும் நூலிலே, கரும்புத் தோட்டத்தில் வேலை செய்யும் நடைப்பிணங்களைப் பற்றி எழுதினார். 1932ஆம் ஆண்டு 'வெள்ளை ஸொம்பி' என்னுந் திரைப்படம் வெளிவந்தது. சருக்கரை ஆலையிலே நடைப்பிணங்கள் பொறியைச் சுற்றிக்கொண்டேயிருக்க, அவற்றுள் ஒன்று தவறி விழவும் மற்றவை திரும்பியும் பாராது நடக்குங் காட்சி அதில் வருகின்றது. அடிமை வரலாற்றின் சாயல் அப்படம் வரையிலும் அழியாதிருந்தது எனலாம்.

இஃதிவ்வாறிருக்க, ஐரோப்பிய இலக்கியத்திலே உலகழிவுக்குப் பின் எஞ்சிய மனிதனைப் பற்றிய கதைமரபு தனியே வளர்ந்து வந்தது. மேரி ஷெல்லி அம்மையார் 1826ஆம் ஆண்டு வெளியிட்ட 'கடைசி மனிதன்' என்னும் நாவல், கொள்ளைநோயால் மனித குலம் அழிவதைச் சித்திரித்தது. 1954ஆம் ஆண்டு அமெரிக்கரான றிச்சேட் மதீசன், நோயினால் இரத்தம் உறிஞ்சும் பேய்களாக மாறிய மக்களிடையே தனித்து வாழும் ஒருவனின் கதையை எழுதினார். அந்நாவலின் இறுதியில், அப்புதிய சமுதாயத்தின் கண்ணுக்குத் தானே கொடிய அரக்கனாகத் தோன்றுவதை அக்கதைத்தலைவன் உணர்கின்றான். இந்நூலிலிருந்தே தமக்குக் கருத்துப் பிறந்ததென ஜோர்ஜ் றொமேரோ பிற்காலத்திற் கூறினார்.

றொமேரோ சிறு முதலைக் கொண்டு பிற்ஸ்பேக் நகரின் அயலிலே எடுத்த திரைப்படம் 1968ஆம் ஆண்டு வெளிவந்தது. 'உயிருள்ள பிணங்களின் இரவு' என்பது அதன் பெயரின் பொருள். இரு மரபுகளும் ஒன்றாய்க் கலந்தது இப்படத்திலேயாம். ஸொம்பி என்னுஞ் சொல் இதில் ஓரிடத்தும் பேசப்படவில்லை. எழுப்பிய மந்திரவாதியுமில்லை, ஏவும் எசமானனுமில்லை. இறந்தோர் தாமே எழுந்து மனிதரைத் தின்பர். முன்னர் இரக்கத்துக்குரிய அடிமையாயிருந்த உருவம் இப்பொழுது அஞ்சத்தக்க பெருங்கூட்டமாயிற்று. ஆயினும், அப்படத்தின் தலைமைப் பாத்திரத்தில் டுவேன் ஜோன்ஸ் என்னுங் கறுப்பின நடிகர் தோன்றினார். இரவு முழுதும் போராடி உயிர் பிழைத்த அவரை, விடியற்காலையில் வேட்டைக்கு வந்த ஆயுதக் குழுவினர் பிணமெனக் கருதிச் சுட்டுக் கொல்கின்றனர். மாட்டின் லூதர் கிங் கொலையுண்ட அதே ஆண்டில் இக்காட்சியைக் கண்டோர் அதனை வெறுங் கற்பனையெனக் கொண்டிருத்தல் அரிது.

பின்னர் இக்கதைவகை விரைந்து பரவிற்று. 1996ஆம் ஆண்டு யப்பானிலே தோன்றிய ஒரு காணொளி விளையாட்டு, நடைப்பிணத்தை ஆய்வுகூடத்திற் பிறந்த நோயின் விளைவாக்கிற்று. 2006ஆம் ஆண்டு மக்ஸ் புறூக்ஸ் என்பார், உலகப் போரிற் பிழைத்தோரின் வாய்மொழிச் சான்றுகளைத் தொகுத்தாற் போன்ற வடிவில் ஒரு நாவலை வெளியிட்டார். 2011ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிலையம், நடைப்பிணங்களை எதிர்கொள்ள ஆயத்தமாகும் முறையை விளக்கும் அறிவுரையொன்றை வெளியிட்டது. நீர், உணவு, மருந்து என்பவற்றைச் சேமித்தலும், குடும்பத்தார் ஒன்றுகூடும் இடத்தை முன்னரே தீர்மானித்தலும் அதிற் கூறப்பட்டன. புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் வேண்டிய ஆயத்தமும் இதுவே. இளையோர் இக்கதைகளை விரும்பிப் படிப்பதை அறிந்தே அந்நிலையம் இவ்வுத்தியைக் கையாண்டது.

இளையோர்க்கெனத் தனி இலக்கியம் அமைந்தது அண்மைக் காலத்திலேயாம். அமெரிக்க நூலகச் சங்கம் 1957ஆம் ஆண்டு இளையோர் சேவைக்கெனத் தனிப்பிரிவு வகுத்தது. பிள்ளைப் பருவம் நீங்கி முதுமக்களின் உலகினுட் புகுவோர் அவ்வுலகை அவ்வாறே ஏற்பதா, மாற்றுவதா என்பதே அவ்விலக்கியத்தின் தலையாய வினா. அவ்வினாவை எழுப்புதற்கு, முதியோரால் அழிந்த உலகிலும் பார்க்கப் பொருத்தமான களம் வேறில்லை. எனவே நடைப்பிணக் கதை இளையோர் நாவலோடு இணைந்ததில் வியப்பில்லை.

கறி றையன் அம்மையாரின் 2009ஆம் ஆண்டு நாவலில், காட்டின் நடுவே வேலியிடப்பட்ட கிராமமொன்று வருகின்றது. வேலிக்கு வெளியே இறந்தோர். உள்ளே கன்னியர் சபையின் கட்டளை. உலகில் எஞ்சியது இக்கிராமம் ஒன்றே எனப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றது. தாய் சொல்லிய கடலைக் காண விழையும் மேரி என்னும் பெண், வேலி உயிரைக் காப்பதோடு உண்மையையும் மறைக்கின்றது என்பதை அறிகின்றாள். அதே ஆண்டு சாளி ஹிக்சன் இலண்டன் நகரைக் களமாகக் கொண்டு எழுதிய நாவலிலோ, பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் நோயுற்று மாள்கின்றனர், அன்றேல் பிள்ளைகளைத் தின்னுங் கொடியோராகின்றனர். உணவைப் பங்கிடுதல், காவல் வைத்தல், தலைவரைத் தெரிதல் என அரசியலின் அரிச்சுவடியைப் பிள்ளைகள் தாமே கற்க வேண்டியதாகின்றது.

ஜொனதன் மேபறியின் 2010ஆம் ஆண்டு நாவல் இன்னும் ஆழமானது. அதில் வரும் பெனி என்னும் பதினைந்து வயதுச் சிறுவன், தொழிலொன்றை மேற்கொள்ளாவிடின் அவனது உணவுப் பங்கு பாதியாகும். விருப்பின்றியே நடைப்பிண வேட்டைக்காரனான தன் தமையனிடம் அவன் தொழில் பயிலச் செல்கின்றான். வேட்டை என்பது வீரமெனவே அவன் எண்ணியிருந்தான். தமையனோ, இறந்தவரின் உறவினர் எழுதிய மடலை அப்பிணத்தின் முன் படித்து, அதன்பின்னரே அதற்கு அமைதி அளிக்கின்றான். அஃதும் ஒருகால் ஒருவரின் தந்தையோ மகளோ ஆகும் என்பதைச் சிறுவன் உணரும் இடமே நாவலின் உயிர்நிலை.

ஜஸ்டினா அயர்லந்து அம்மையாரின் 2018ஆம் ஆண்டு நாவல் இவ்வரலாற்றை அதன் தொடக்கத்துக்கே கொண்டு செல்கின்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863ஆம் ஆண்டு பெரும்போர் நிகழ்ந்த கெற்றிஸ்பேக் களத்தில் இறந்தோர் எழுகின்றனர் என்பது அதன் கற்பனை. கறுப்பினப் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் சட்டத்தாற் பிரிக்கப்பட்டுப் போர்ப்பள்ளிகளுக்கு அனுப்பப்படுகின்றனர்; வெள்ளையரைக் காத்தற்கெனவே பயிற்றப்படுகின்றனர். பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்தம் மொழியையும் வழக்கத்தையும் அழித்த உறைவிடப் பள்ளிகள் அந்நாட்டில் உண்மையாகவே இருந்தன. 1879ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாகாணத்திலே தொடங்கிய கார்லைல் பள்ளி அவற்றுட் பெயர்பெற்றது. பிறர் ஏவலுக்கே வாழுமாறு விதிக்கப்பட்டவர் எவர் என்னும் ஹெயிட்டி மக்களின் பழைய வினா இந்நாவலில் மீண்டும் ஒலிக்கின்றது.

இவ்வகை நூல்கள் யாவும் ஒரு தரத்தன அல்ல. வேலிக்கு வெளியே நிற்பாரெல்லாம் கொல்லத்தக்கோரே என்னும் எண்ணத்தை வளர்ப்பனவும் அவற்றுள் உள. முகமற்ற கூட்டத்தைக் கொன்று குவித்தலையே இன்பமாகக் காட்டும் நூல், இளம் உள்ளத்திலே இரக்கத்தை மரக்கச் செய்தலுங் கூடும். ஆதலின் இத்தகைய நாவலை மதிப்பிடுவோர், அதிற் பிழைத்தோர் எத்தனை பேர் என்பதை நோக்காது, பிழைத்தோர் எதனைக் காத்தனர் என்பதை நோக்குதல் வேண்டும். இறந்தோருக்கு ஒரு பெயரும், ஓர் உறவும், ஒரு துயரமும் இருந்தன என்பதை மறவாத நூலே சிறந்த நூல்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கரும்புத் தோட்டங்களில் மாண்டோர் தம் கதையைத் தாமே எழுதிவைக்கவில்லை. அவர்தம் அச்சமே உருவெடுத்து, மொழி மாறி, கடல் கடந்து, இன்று ஏதோவொரு நூலகத்தின் இளையோர் பகுதியில் ஒரு மாணவனின் கையில் இருக்கின்றது. நடைப்பிணம் யாரெனின், வேலிக்கு வெளியே பசித்து நிற்பவன் மட்டுமல்லன். தன் உள்ளத்தைப் பிறர் ஏவலுக்கு ஒப்புவித்து உள்ளே வாழ்பவனுமாவான். இதனை அம்மாணவன் உணர்வானாயின், அந்நூலைப் படித்த பொழுது வீண்பொழுதாகாது.