சைக்கிளில் தப்பி வந்த குரங்கு

கனடாவிலிருந்து வந்த பெறாமகள் எனக்கு ஒரு சின்னக் குரங்கு உருவம் தந்தாள். உள்ளங்கை உயரம். சைக்கிள் ஓட்டியபடி இருக்கிறது. ‘கியூரியஸ் ஜோர்ஜ்’ என்ற படக்கதைக் குரங்கு அது.

இந்த உருவங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றின் தோற்றங்கள் புத்தகப் படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பலூன்களுடன் இருப்பது 1941இல் வெளியான முதற் புத்தகத்துக்குரியது. அதில் சிறையிலிருந்து தப்பும் ஜோர்ஜ், பலூன்களைப் பிடித்துக்கொண்டு வானில் பறக்கிறது. சைக்கிளில் இருப்பது 1952ஆம் ஆண்டுப் புத்தகத்துக்குரியது. அதில் மஞ்சள் தொப்பிக்காரர் அதற்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கிறார்.

ஆனால் ஜோர்ஜின் வாழ்க்கையில் சைக்கிள் அதற்கு முன்பே வந்துவிட்டது.

இதை உருவாக்கிய ஹான்ஸ் ரே, மார்கிரெட் ரே தம்பதியர் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் பிறந்த யூதர்கள். பிரேசிலில் திருமணம் செய்து, அந்நாட்டுப் பிரஜைகளாகிப் பின் பரிஸில் வாழ்ந்தார்கள். 1939இல் அங்கு வெளியான அவர்களின் ஒட்டகச்சிவிங்கிக் கதையில் இந்தக் குரங்கும் ஒரு பாத்திரம். அப்போது அதன் பெயர் ஃபிஃபி.

1940 ஜூனில் ஹிட்லரின் படை பரிஸை நெருங்கியது. அவர்களிடம் வாகனம் இல்லை. கடைகளிலும் நல்ல சைக்கிள் மிஞ்சவில்லை. ஹான்ஸ் உதிரிப் பாகங்களை வாங்கித் தானே இரண்டு சைக்கிள்களைப் பூட்டினார். ஜூன் 12 விடியற்காலை, மாற்றுடுப்பு, கொஞ்ச உணவு, ஃபிஃபியின் கையெழுத்துப் பிரதி, படங்கள் ஆகியவற்றுடன் புறப்பட்டார்கள். இரண்டு நாளில் பரிஸ் வீழ்ந்தது.

வீதியெங்கும் அகதிகள். ஓரிரவு மாட்டுத்தொழுவத்தில் படுத்தார்கள். ஓர்லியன்ஸில் ரயில் ஏறி, ஸ்பெயின், லிஸ்பன், பிரேசில் வழியாக ஒக்டோபரில் நியூயோர்க் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு புத்தகம் வெளியானது. ஃபிஃபி, ஜோர்ஜ் ஆனது. 1966 வரை இருவரும் மொத்தம் ஏழு ஜோர்ஜ் கதைகளை வெளியிட்டார்கள். அவர்களின் ஆவணங்கள் இன்று அமெரிக்காவின் தென் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

என்னிடமுள்ள உருவத்தின் அடியில் இந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு நாங்களும் சைக்கிள் உருட்டித்தான் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டோம். அப்பா காணி உறுதியையும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையும் எடுத்தார். அம்மப்பா எழுதிவைத்த நாட்டுவைத்தியக் கொப்பிகள் அலுமாரியிலேயே கிடந்தன. திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை.

உங்களில் யாராவது அப்படியொரு கொப்பியையோ, கடிதத்தையோ, படத்தையோ காவிக்கொண்டு வந்திருக்கக்கூடும். அதை மின்வருடி, ஒரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள். ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனம் போன்றவர்களோடு பேசிப் பாருங்கள். பெறுமதி உண்டா என்று பிறகு யோசிக்கலாம். ரே தம்பதியர் காவி வந்ததும் ஒரு குரங்குக் கதைதான்.