ஒட்டுப் போட்ட காலம்

கடந்த மாதம் வெள்ளவத்தையில், வீதியோரக் கல்லில் உரசி எனது பழைய காரின் முன் ரயர் கிழிந்துவிட்டது. ரயர்க் கடைப் பையன் கிழிசலில் விரலை வைத்துப் பார்த்தான். "ஐயா, இது பக்கத்தில கிழிஞ்சிருக்கு. ஒட்டித் தரமாட்டன். புதுசுதான் போடவேணும்" என்றான். ஒருமுறை ஒட்டித்தான் பாரேன் என்று நான் மன்றாடியது விலைக்கு அஞ்சி மட்டுமல்ல. என் வயதையொத்த யாழ்ப்பாணத்தவர்க்கு ஒரு ரயரை வீசிவிட இலகுவில் மனம் வராது.

ஒட்டுவதா, மாற்றுவதா என்ற கேள்வி ரயரின் வயதையொத்தது. பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த டன்லொப் 1888 இல் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். அந்த ரயர் சில்லோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. முள் குத்தினால் பிரித்து, ஒட்டி, காயவைக்க மணிக்கணக்காகும். பிரான்சின் மிச்சலின் சகோதரர்கள் 1891 இல் கழற்றிப் பூட்டக்கூடிய சைக்கிள் ரயரைக் கொண்டுவந்த பின்னரே ஒட்டுப்போடுதல் சில நிமிட வேலையாயிற்று.

ஆனால் போர் வந்தால் இந்தக் கேள்விக்கு விடை சொல்பவர் வாகனச் சொந்தக்காரர் அல்லர். 1942 இன் தொடக்கத்தில் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமாயின. உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி நேச நாடுகளுக்குக் கிட்டாமற் போயிற்று. எஞ்சிய பிரதான ஊற்று இலங்கை. மரங்கள் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று இங்கே பால் வெட்டினார்கள். அமெரிக்காவில் அவ்வாண்டு ஜனவரியிலேயே ரயர்ப் பங்கீடு வந்துவிட்டது. ஒரு காருக்கு ஐந்து ரயர்களுக்கு மேல் வைத்திருப்போர் மிகுதியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். வேகம் மணிக்கு 35 மைல். டிசெம்பரில் நாடு முழுவதற்கும் பெற்றோல் பங்கீடு விதிக்கப்பட்டதற்கு முதற் காரணம் பெற்றோல் பஞ்சமன்று. ரயர் தேயக்கூடாது என்பதே.

இதைப் பின்னாளில் வாசித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின் குடாநாட்டில் நாம் கண்டதும் அதுதானே. பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரும்பொருளாயிற்று. மொறிஸ் மைனர்களும் ஒஸ்டின்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. எரிபொருளுக்கு மாற்று கண்டவர்களுக்கு ரயருக்கு மாற்று காண முடியவில்லை. ரப்பர் விளையும் நாட்டில்தான் இதுவும் நடந்தது.

1993 இல் செய்தி சேகரிக்கக் கொடிகாமம் போகவேண்டியிருந்தது. வாடகைக் காரின் பின் ரயர் பக்கவாட்டில் தையல் போட்ட காயம்போல் இருந்தது. உள்ளே பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து நைலோன் நூலால் தைத்திருந்தார் சாரதி. காற்றைத் தாங்குவது ரியூப். ரியூப் பிதுங்காமல் மறிப்பது அந்தத் துண்டு. "தம்பி, இருபது மைல் வேகத்துக்கு மேல போகமாட்டன், பயப்பிடாதை" என்றார்.

இரவுகளில் நோயாளரை ஏற்றுவதும் அதே காரில்தான். ஓர் இரவு பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கொண்டுபோகையில் மீசாலையில் தையல் விட்டுப்போயிற்று. மாற்று ரயர் கிடையாது. வெறும் சில்லிலேயே உருட்டிக்கொண்டு சாவகச்சேரி வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தாராம். தாயும் பிள்ளையும் சுகம். சில்லு கோணிப்போனதைத்தான் என்னிடம் கவலையோடு காட்டினார். நான் அதைச் செய்தியாக எழுதினேன். நாளிதழ்கள் கோடுபோட்ட கொப்பித்தாளில் அச்சாகிய நாட்கள் அவை. இடமில்லாமல் அது வெளிவரவில்லை.

கடைப் பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவன் சொன்னதே சரி. ரியூப் இல்லாத இன்றைய ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வது. உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்தால் எந்த ஒட்டும் நிற்காது. வீதியில் படும் நடுப்பகுதியில், சுமார் 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத துளை என்றால் கழற்றி உட்புறமாக ஒட்டலாம். வெளியிலிருந்து அடைப்பானைச் செருகுவது வீடு போய்ச்சேர மட்டுமே. எங்கள் சாரதிக்கும் இது தெரியாததல்ல. தெரிவு செய்ய அவரிடம் இரண்டாவது ரயர் இருக்கவில்லை. 2020 இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் ரயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தென்னிலங்கைச் சாரதிகளும் அந்த நிலையைச் சிறிது அறிந்துகொண்டார்கள்.

புதிய ரயரைக் கொண்டுவந்தான். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் பொறித்திருந்த இலக்கங்களை வாசித்தேன். கடைசி நான்கும் தயாரித்த வாரமும் ஆண்டும். ஐந்து வருடப் பழசு! வேறொன்று கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டு எடுத்துத் தந்தான்.

கிழிந்ததைக் காரின் பின்னால் ஏற்றச் சொன்னேன். "உதை ஏன் வீட்டை கொண்டுபோறியள்? மழைத்தண்ணி நிண்டால் டெங்கு நுளம்புதான் வரும்" என்றார் உடன் வந்திருந்த என் மனைவி. கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.